பவர் பேங்க் வாங்கப் போகிறீர்களா? முதலில் திருப்பிப் பாருங்கள்

கடையில் பவர் பேங்க் கேட்டால், முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் 10,000 எம்ஏஎச், 20,000 எம்ஏஎச் என்ற எண்ணைத்தான் காட்டுவார்கள். நீங்கள் படிக்க வேண்டியது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.

முதலில் அங்கே 'ரேட்டட் கெபாசிட்டி' என்ற வரியைத் தேடுங்கள். 10,000 என்று விற்கும் பவர் பேங்கில் பெரும்பாலும் 6,000ஐ ஒட்டி ஓர் எண் இருக்கும். இது ஏமாற்று வேலை இல்லை. 10,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் கொள்ளளவு. அதன் மின்னழுத்தம் சுமார் 3.7 வோல்ட். யுஎஸ்பி வழியாக வெளியே வரும்போது அதை 5 வோல்ட்டாக உயர்த்த வேண்டும். 10,000ஐ 3.7ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் 7,400. அதிலும் கொஞ்சம் வெப்பமாக வீணாகிவிடும்; மிச்சம்தான் உங்களுக்கு. அதனால் 5,000 எம்ஏஎச் போனுக்கு இரண்டு ஃபுல் சார்ஜ் எதிர்பார்க்காதீர்கள். ஒருமுறை முழுதாகவும் மறுமுறை பாதிக்குக் கிட்டவும் ஏறினாலே அது நல்ல சரக்கு. 'ரேட்டட் கெபாசிட்டி' வரியே இல்லாத பவர் பேங்கை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்க வேண்டாம்.

அடுத்து பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை. இந்தியாவில் விற்கும் பவர் பேங்குக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். முத்திரையோடு 'ஆர்' எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்க எண் இருக்கும். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, என்ன பொருள் என்று காட்டும். கையில் இருப்பதும் செயலி காட்டுவதும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முத்திரையை யாரும் அச்சடிக்கலாம் என்பதால்தான் இதை வற்புறுத்துகிறேன்.

பிறகு வாட். போன் 67 வாட் வேகத்தில் ஏறுகிறது என்றால், பல கம்பெனிகளில் அது அவர்களுடைய சொந்த சார்ஜரில் மட்டும்தான். வெளிக் கம்பெனி பவர் பேங்கில் அந்த வேகம் கிடைக்காது. அதனால் டைப்-சி, பவர் டெலிவரி, 20 வாட்டுக்குக் குறையாமல் இருந்தால் சாதாரண உபயோகத்துக்குப் போதும். லேப்டாப்புக்கும் வேண்டுமென்றால் அதன் சார்ஜரில் போட்டிருக்கும் வாட்டைப் பார்த்து வாங்குங்கள்.

விமானத்தில் எடுத்துப் போகிறவர்கள் வாட் அவர் கணக்கையும் பார்க்க வேண்டும். 100 வரை பொதுவாகத் தடையில்லை; 20,000 எம்ஏஎச் என்றால் 74தான். ஆனால் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது.

வாங்கிய பிறகு, வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். மேசைமேல் வைத்தால் ஆடுகிறது, நடுவில் உப்பியிருக்கிறது என்றால் அன்றோடு நிறுத்திவிடுங்கள். குத்திப் பார்ப்பதோ குப்பைத்தொட்டியில் போடுவதோ ஆபத்து. மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.