கொட்டை கொட்டும் மரத்தில் கோடாரி வைக்குமுன்

"தாத்தா, வாசலெல்லாம் கொட்டை, பெருக்கி மாளவில்லை, மரத்தை வெட்டி வெந்நீர் அடுப்புக்காவது போடலாமா?" என்று கேட்டு வருகிற பிள்ளைகள் கூடிவிட்டார்கள். பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணில் மரத்தோடு காலம் தள்ளியவன் என்பதால் என்னைத் தேடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. கோடாரிக்கு முன்னால் துடைப்பத்தை எடு. கீழே கிடப்பதைக் கூட்டி ஒரு கை அள்ளிப் பார்த்தால் மரத்தின் பேர் பாதி தெரிந்துவிடும். இரண்டு ஓரமும் விளிம்பு கட்டிய கொட்டை, பாதிக்கு மேல் வௌவால் கடித்துப் போட்டது என்றால் நாட்டு வாதுமை. அண்ணாந்து பார், கிளைகள் அடுக்கடுக்காகப் படுக்கையில் போயிருக்கும். இலை உதிரும் முன் சிவக்கும். தட்டையான பழுப்புக் காய், உள்ளே பெரும்பாலும் ஒரே விதை, வெடிக்காமல் முழுசாக விழுந்தது என்றால் புங்கு. பெரிய கோலி அளவில் உருண்டை என்றால் புன்னை. அதன் இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால் நரம்புகள் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாகத் தெரியும். நீண்டு பளபளக்கும் பழுப்பு விதை, கிளை நுனியில் மட்டும் இலைக்கொத்து, கிள்ளினால் பால் என்றால் இலுப்பை. பட்டையை மட்டும் பார்த்துப் பேர் சொல்கிறவனை நம்பாதே. கிழட்டு மரங்களின் பட்டை எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

2. மூன்று மரங்களை விறகு என்று நினைக்கவே நினைக்காதே. முதலாவது எட்டி. ஆரஞ்சு நிறப் பழம், உள்ளே பொத்தான் வடிவில் சாம்பல் நிற வட்ட விதை, இலையின் அடியிலிருந்தே கிளம்பும் மூன்று அல்லது ஐந்து நரம்பு. தேற்றாவும் அதே இனம்தான், ஆனால் அதன் பழம் சிறிது, பழுத்தால் கறுக்கும். கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கக் குடத்தில் உரைப்பது அந்தக் கொட்டையைத்தான். குழப்பிக்கொள்ளாதே. இரண்டாவது சேராங்கொட்டை. சதைப்பற்றான ஆரஞ்சுக் காம்பின் மேல் கறுத்த கொட்டை உட்கார்ந்திருக்கும். சலவைக்காரர்கள் துணியில் அழியாத குறி போட்டது இதன் சாற்றால்தான். அதே சாறு தோலில் பட்டால் கொப்புளம். மூன்றாவது, வீட்டு முகப்பில் அழகுக்கு வைக்கிற மஞ்சள் அரளி. வேர் முதல் விதை வரை விஷம். இவற்றில் கிளறுகோலோ வாட்டும் குச்சியோ கூட வெட்டக் கூடாது, அடுப்பில் வைக்கவும் கூடாது.

3. முந்திரிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் விறகென்றாலே முந்திரிதான். 2011 டிசம்பர் 30ஆம் தேதி கரையேறிய தானே புயல் கடலூர்ப் பக்கம் முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்தபோது, அடுக்கி வைக்க இடமில்லாமல் கட்டை கிடந்தது. கட்டையால் அதிக உபத்திரவம் இல்லை, பச்சைப் பாலும் கொட்டையின் ஓடும்தான் தொல்லை. ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலை அரிக்கும். கொட்டை உடைக்கிற பெண்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொண்டு உட்காருவது அதனால்தான். விறகுக் கட்டோடு ஓட்டுடன் கூடிய கொட்டை அடுப்புக்குள் போனால் எண்ணெய் பற்றிச் சீறித் தெறிக்கும், புகை கண்ணை எரிக்கும். எனவே கட்டையை அடுக்கும்போதே பொறுக்கி எடுத்துவிடு. பங்குனி, சித்திரையில் கொட்டை பொறுக்கி முடித்த பிறகே வெட்டு. மகசூல் கையில் வந்த பிறகு மரத்தைப் பார்த்தால் வெட்டும் ஆசை பாதி குறைந்திருக்கும். ஏறுமுன் முசுறு கூடு கட்டியிருக்கிறதா என்று இலைகளைப் பார்.

4. வெட்டத்தான் வேண்டுமா? புங்கை வெட்டாதே, கழி. கொம்புகளை இறக்கிவிட்டால் மறுபடி துளிர்க்கும். சில வருஷத்துக்கு ஒரு முறை விறகு, நடுவில் நிழல். காய்ந்த புங்க விறகு கிலோவுக்கு 4,600 கிலோகலோரி அளவுக்குச் சூடு தரும் என்று கணக்குச் சொல்கிறார்கள். அடுப்பில் வைத்தவர்களுக்குக் கணக்கு தேவையில்லை. இலுப்பையைத் தொடாதே. அது காய்க்கவே பத்து வருஷத்துக்கு மேல் ஆகும், அதன் கொட்டைக்கும் செக்கில் மதிப்பு உண்டு.

5. காகிதம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. உன் வீட்டுப் பனைதான் பனங்கொட்டையைத் தலையில் போடுகிறது என்பது அதற்குச் சமாதானம் ஆகாது. சந்தனம், ஈட்டி என்றால் வனத்துறையைக் கேட்காமல் தொடாதே. வேலி ஓரத்து மரம் புறம்போக்கில் நிற்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுவிடு.

6. இனி வெட்டு. முதலில் தலையை உயர்த்து. காய்ந்து தொங்கும் கொப்பு, தேன்கூடு, மின்கம்பி, பொந்தில் குஞ்சு, நான்கையும் பார். கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தாமல் அரிவாளைத் தூக்காதே. அடிமரத்தைக் கோடாரிக் காம்பால் தட்டிப் பார். டொப் டொப் என்று வெற்று ஓசை வந்தால் உள்ளே பொந்து, அது எந்தப் பக்கம் விழும் என்று யாருக்கும் தெரியாது. அந்த மரம் உனக்கில்லை, பழகின ஆளைக் கூப்பிடு.

நல்ல மரம் என்றால் விழ வேண்டிய பக்கம் முதலில் வாய் வெட்டு. ஒரு அடி குறுக்களவு மரத்துக்கு மூன்று அங்குல ஆழம் போதும், அதாவது கால் பங்கு. பிறகு எதிர்ப்பக்கம் வந்து, வாயின் அடிக்கு இரண்டு அங்குலம் மேலே அறு. முழுக்க அறுத்துவிடாதே. நடுவில் ஒரு அங்குலம் சொச்சம் நார் விட வேண்டும், பத்தில் ஒரு பங்கு. அந்த நார்தான் மரத்தைத் திருப்பிக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கும் கதவுக் கீல். அது அறுந்தால் மரம் தன் இஷ்டத்துக்குச் சுழலும். "படபட" என்று சத்தம் வந்ததும், விழும் பக்கத்துக்கு நேர் பின்னாலும் நிற்காதே, பக்கவாட்டிலும் நிற்காதே. பின்னால் சாய்வாக விலகு. அந்த வழியைக் கல், வேர், கயிறு இல்லாமல் அறுக்குமுன்பே சுத்தம் செய்து வைத்திருக்க வேண்டும். செயின் ரம்பத்தைத் தோளுக்கு மேல் தூக்காதே. தனியாக வெட்டாதே. சாராயம் குடித்தவன் பக்கத்தில் வரக் கூடாது, பிள்ளைகளும் கோழிகளும்கூட.

7. பச்சைக் கட்டை அடுப்புக்கு ஆகாது. எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்; எரிந்தாலும் புகையும் கரியும்தான். கட்டையாக உருட்டிப் போடாமல் பச்சையிலேயே பிளந்துவிடு, காய்ந்த பின் ஆப்பு இறங்காது. தை, மாசியில் பிளந்து, செங்கல் மேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கங்களைத் திறந்துவிட்டால் ஆடிக்குள் எரியும். முனையில் விரிசல் விட்டு, இரண்டை மோதினால் கணீரென்றால் சரி. புங்கக் கட்டையை வருஷக்கணக்கில் வைக்காதே, வண்டு துளைத்து மாவாக்கிவிடும்.

8. புங்கை மொத்தமாகவே சாய்த்தாய் என்றால் தூரைத் தோண்டாதே, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தாதே. மழைக்குப் பிறகு கொத்தாகத் துளிர்க்கும். அதில் வெளிப்பக்கம் தடித்த இரண்டு சிம்பை விட்டுவிட்டு மீதியை ஆடு தின்னும் உயரத்திலேயே கழித்துவிடு.