வீட்டுக் கணினிக்கு எந்த ஆன்டிவைரஸ்? நம்பிக்கைகளும் உண்மைகளும்

வீட்டுக்குக் கணினி வாங்கும்போது விசைப்பலகை, சுட்டி, யூபிஎஸ் ஆகியவற்றோடு ஆன்டிவைரஸ் ஒன்றும் விலைப்பட்டியலில் இடம்பெறுவது தமிழ்நாட்டுக் கடைகளில் நெடுநாள் வழக்கம். விண்டோஸ் எக்ஸ்பி புழங்கிய காலத்தில் அந்த வழக்கத்துக்குத் தக்க காரணம் இருந்தது. தீங்கான நிரல்களைப் பிடிக்கும் கருவி எதுவும் அந்த இயங்குதளத்தோடு வரவில்லை, பென் டிரைவைச் செருகியவுடன் அதிலுள்ள நிரல் தானாக இயங்கத் தொடங்கும் வாசலும் அதில் திறந்தே கிடந்தது. பிற்காலத்தில் இவ்விரு குறைகளும் நீங்கின. அவற்றையொட்டிப் பிறந்த நம்பிக்கைகள் மட்டும் நீங்கவில்லை. அந்த நம்பிக்கைகளின்படி ஆண்டுதோறும் பணம் செலவிடும் குடும்பங்கள், உண்மையிலேயே காக்க வேண்டிய இடத்தைக் காக்காமல் விட்டுவிடுவதுதான் கவலைக்குரியது.

‘வைரஸ்’ என்று மக்கள் ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் பல இனங்களைக் கொண்டது. பிற கோப்புகளில் தன்னை ஒட்டவைத்துப் பெருகும் நிரலே முறையான பொருளில் வைரஸ், அதாவது நச்சுநிரல். எவரும் தொடாமலேயே வலையமைப்பு வழியாக ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு ஊர்ந்து செல்வது புழு. பயனுள்ள மென்பொருளின் வேடத்தில் வந்து, பயனாளரின் கையாலேயே நிறுவப்படுவது டிரோஜன். கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு சாவிக்குப் பணம் கேட்பது ரான்சம்வேர். இவை அனைத்துக்கும் பொதுப்பெயர் தீநிரல். இன்றைய ஆன்டிவைரஸ் மென்பொருள்கள் பெயரில் மட்டுமே வைரஸுக்கு எதிரானவை; பணியில் எல்லாத் தீநிரல்களையும் எதிர்கொள்பவை.

நம்பிக்கை: விண்டோஸ் கணினிக்குத் தனியாக ஆன்டிவைரஸ் வாங்கியே தீர வேண்டும்.

இது ஒரு காலத்து உண்மை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2009இல் ‘செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்’ என்ற இலவச மென்பொருளை வெளியிட்டது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் அந்தத் திறனை ‘டிஃபெண்டர்’ என்ற பெயரில் இயங்குதளத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டது. ஆகவே இன்று விற்பனையாகும் எந்த விண்டோஸ் கணினியும், கடையிலிருந்து வெளியே வரும்போதே ஓர் ஆன்டிவைரஸோடுதான் வருகிறது. தொடக்கத்தில் டிஃபெண்டரின் தரம் குறைவாகவே இருந்தது. 2010களின் முற்பகுதியில் நடந்த ஒப்பீட்டுச் சோதனைகளில் அது கடைசி வரிசைகளில் நின்றது, அதைக் குறை கூறியவர்கள் அன்று சொன்னது சரியே. ஆனால் ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் இயங்கும் ‘ஏவி-டெஸ்ட்’ என்ற சோதனை நிறுவனம், பாதுகாப்பு, கணினியின் வேகத்தில் ஏற்படும் தாக்கம், பயன்படுத்தும் எளிமை ஆகிய மூன்றுக்கும் தலா 6 என மொத்தம் 18 மதிப்பெண்கள் வழங்கும் தன் சோதனைகளில், டிஃபெண்டருக்கு அண்மை ஆண்டுகளில் பலமுறை முழு மதிப்பெண்களையோ அதை ஒட்டிய மதிப்பெண்களையோ அளித்திருக்கிறது.

அதற்கும் குறை உண்டு. ஐயத்துக்குரிய கோப்பு எதிர்ப்பட்டால், தன் நிறுவனத்தின் தொலைவழங்கிகளிடம் இணையம் வழியாகக் கேட்டு முடிவெடுப்பதையே டிஃபெண்டர் பெரிதும் சார்ந்திருக்கிறது. எனவே இணைப்பு அறுந்த நிலையில் அதன் கண்டறியும் திறன் குறைகிறது என்பதை ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரிலுள்ள ‘ஏவி-கம்பேரடிவ்ஸ்’ நிறுவனத்தின் சோதனைகள் காட்டியுள்ளன. இணையம் எப்போதாவது மட்டுமே கிடைத்து, பென் டிரைவ் வழியாகவே கோப்புகள் வந்து போகும் வீட்டுக்கு வேறொரு ஆன்டிவைரஸ் பொருத்தமாக இருக்கலாம். எப்போதும் இணைப்பில் இருக்கும், முறையாகப் புதுப்பிக்கப்படும் வீட்டுக் கணினிக்கு, உடன் வந்த டிஃபெண்டரே போதும்.

நம்பிக்கை: ஓர் ஆன்டிவைரஸுக்கு இரண்டு இருந்தால் காவல் இரட்டிப்பாகும்.

ஆன்டிவைரஸ் செய்யும் வேலையின் இயல்பை அறிந்தால் இந்த எண்ணம் தானே கலைந்துவிடும். ஒவ்வொரு கோப்பும் திறக்கப்படும் அந்தக் கணத்தில் இயங்குதளத்துக்கும் கோப்புக்கும் இடையே புகுந்து, ஆராய்ந்த பின்பே வழிவிடுவது நிகழ்நேரக் காவல் எனப்படும். ஒரே இடத்தில் இரண்டு மென்பொருள்கள் இவ்வாறு புகும்போது ஒன்று திறந்த கோப்பை மற்றொன்று தடுக்கிறது, ஒன்று தனித்து அடைத்துவைத்த தீநிரலை மற்றொன்று புதிய தாக்குதலாகக் கருதுகிறது, கணினியோ மந்தமாகிறது. இதனாலேயே வேறு ஆன்டிவைரஸ் நிறுவப்பட்டவுடன் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டுள்ளது. சந்தா முடிந்த ஆன்டிவைரஸைப் பல மாதங்கள் நீக்காமல் விட்டு வைப்பதுதான் வீடுகளில் அதிகம் காணப்படும் தவறு. அதை முழுமையாக நீக்கிவிட்டால் டிஃபெண்டர் மீண்டும் பொறுப்பேற்கும்.

நம்பிக்கை: நல்ல ஆன்டிவைரஸ் எல்லாவற்றையும் பிடித்துவிடும்.

இந்த ஒன்றைக் குறித்து மட்டும் கணிதமே தீர்ப்பு வழங்கியிருக்கிறது. அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஃப்ரெட் கோஹென், 1983இல் நச்சுநிரலைச் செயல்படுத்திக் காட்டியவர். எந்த நிரலைக் கொடுத்தாலும் அது நச்சுநிரலா அல்லவா என்று பிழையின்றிச் சொல்லக்கூடிய ஆய்வு நிரலை எழுதவே இயலாது என்பதையும் அவர் 1980களிலேயே நிறுவினார். அவர் காட்டிய வழி எளிமையானது. அப்படியொரு குற்றமற்ற நீதிபதி நிரல் இருப்பதாக வைத்துக்கொண்டால், தீநிரலை எழுதுபவர் அந்த நீதிபதியையே தம் நிரலுக்குள் அழைத்து, அந்த நிரலைப் பற்றிய தீர்ப்பைக் கேட்கச் செய்யலாம்; ‘இது நச்சுநிரல்’ என்று தீர்ப்பு வந்தால் பரவாமல் சும்மா இருக்கவும், ‘நச்சுநிரல் அன்று’ என்று வந்தால் உடனே பரவவும் அந்த நிரலை அமைத்துவிட்டால், நீதிபதி எந்தத் தீர்ப்பைச் சொன்னாலும் அது பொய்த்துப்போகும். எனவே முழுமையான கண்டறிதல் என்பது இன்னும் எட்டப்படாத இலக்கு என்பதன்று, எட்ட முடியாதது.

நடைமுறையில் ஆன்டிவைரஸ்கள் இரண்டு வழிகளில் தோராயமான விடையைத் தேடுகின்றன. ஏற்கெனவே பிடிபட்ட தீநிரல்களின் அடையாளத் துணுக்குகளைச் சேர்த்துவைத்து, புதிய கோப்புகளோடு ஒப்பிடுவது ஒரு வழி. கையொப்பம் என்று அழைக்கப்படும் இத்துணுக்குகள் அறிமுகமான எதிரியைத் தவறாமல் காட்டும், அறிமுகமில்லாத எதிரியைக் காட்டாது. நிரல் என்ன செய்கிறது என்று கவனித்து, நூற்றுக்கணக்கான கோப்புகளைச் சட்டென மறையாக்கம் செய்யத் தொடங்கும் நிரலை நிறுத்துவது போன்றது இரண்டாவது வழி. இது புதிய எதிரியையும் பிடிக்கும், சில வேளைகளில் நிரபராதியையும் பிடிக்கும். நிரபராதியைப் பிடிப்பது சிறிய தவறன்று. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனம் அனுப்பிய ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத உறுப்பாகிய ஒரு கோப்பையே தீநிரல் என்று தவறாக இனங்கண்டதால், உலகின் பல நாடுகளில் கணினிகள் மீண்டும் மீண்டும் அணைந்து இயங்கிச் செயலற்றுப் போயின. ஆகவே சோதனை முடிவுகளைப் பார்ப்பவர்கள் எத்தனை தீநிரல்கள் பிடிபட்டன என்ற எண்ணோடு, எத்தனை நல்ல கோப்புகள் தவறாகப் பிடிபட்டன என்ற எண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும். விளம்பரங்கள் முதலாவதை மட்டுமே அச்சிடுகின்றன.

நம்பிக்கை: ஆன்டிவைரஸ் இருக்கும்போது விண்டோஸைப் புதுப்பிக்கத் தேவையில்லை.

தீநிரல் நுழையும் ஓட்டையை அடைப்பது இயங்குதளத்தின் புதுப்பிப்பு. ஓட்டை வழியாக நுழைந்ததைப் பிடிக்க முயல்வது ஆன்டிவைரஸ். 2017 மே 12 அன்று தொடங்கிய வானாக்ரை தாக்குதல், சில நாட்களில் ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டி, பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் பலவற்றை முடக்கியது. அது புழுவின் கால்களும் ரான்சம்வேரின் பற்களும் கொண்ட தீநிரல்; எவரும் எந்த இணைப்பையும் சொடுக்காமலே கணினிக்குக் கணினி தாவியது. அது பயன்படுத்திய ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இடையில் 59 நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் அடைப்பை ஏற்றுக்கொண்ட கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாகப் புழுவால் நுழைய முடியவில்லை.

இதே கேள்வி இப்போது விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீடுகளின் முன் நிற்கிறது. அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராத கணினிகளுக்கு ஓட்டைகளை அடைக்கும் புதுப்பிப்புகள் வருவதில்லை. ஆனால் அதே விண்டோஸ் 10இல் உள்ள டிஃபெண்டருக்குக் கையொப்பங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. கையொப்பங்கள் நாள்தோறும் வருவதைக் கண்டு கணினி பாதுகாப்பாக இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. காவலாளி விழித்திருந்தாலும் சுவரின் விரிசல் நாளுக்கு நாள் அகன்றுகொண்டிருக்கும். எந்த விலையுயர்ந்த ஆன்டிவைரஸும் இந்தக் குறையை ஈடுசெய்யாது.

நம்பிக்கை: இலவச ஆன்டிவைரஸ் தரமற்றது, விலை கூடக்கூடத் தரமும் கூடும்.

ஒரே நிறுவனத்தின் இலவசப் பதிப்பும் விலைப் பதிப்பும் பெரும்பாலும் ஒரே கண்டறியும் பொறியையே பயன்படுத்துகின்றன. விலை கொடுப்பவர் கூடுதலாகப் பெறுவது விபிஎன், கடவுச்சொல் பெட்டகம், குழந்தைகளின் இணையப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் வசதி போன்றவை. இவை தேவைப்படும் வீட்டுக்கு அந்த விலை தகும், தேவைப்படாத வீட்டுக்குத் தகாது. கடை அடுக்கில் தெரியும் போட்டியும் முழுப் போட்டியன்று: நார்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா ஆகிய நான்கு பெயர்களும் இன்று ‘ஜென் டிஜிட்டல்’ என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமானவை. முதலாண்டுத் தள்ளுபடி விலையைப் பார்த்து வாங்குபவர், இரண்டாம் ஆண்டில் தானாகப் புதுப்பிக்கப்படும்போது வங்கிக் கணக்கிலிருந்து எவ்வளவு கழியும் என்பதையும் வாங்குமுன்பே படித்தறிவது நல்லது.

விலையைவிடப் பெரிய கேள்வி நம்பகம். கணினியின் எல்லாக் கோப்புகளையும் படிக்கவும், ஐயத்துக்குரியவற்றைத் தன் நிறுவனத்துக்கு அனுப்பவும் உரிமை பெற்ற மென்பொருள் ஆன்டிவைரஸ். வீட்டின் ஒவ்வோர் அறைக்கும் சாவி பெற்ற காவலாளிக்கு அது ஒப்பாகும். அவாஸ்ட் நிறுவனம் தன் பயனாளர்கள் எந்தெந்த இணையத்தளங்களுக்குச் சென்றார்கள் என்ற தகவல்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது வெளிப்பட்டு, 2020இல் அந்தத் துணை நிறுவனம் மூடப்பட்டது. 2024இல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்துமாறு உத்தரவிட்டது. அதே 2024இல், சோதனைகளில் தொடர்ந்து முன்னணியில் நின்ற காஸ்பர்ஸ்கியின் விற்பனைக்கு அமெரிக்க அரசு தடை விதித்தது. அதன் தலைமையகம் மாஸ்கோவில் இருப்பதும், ரஷ்ய அரசு அந்த நிறுவனத்தை வற்புறுத்தக்கூடும் என்ற அச்சமுமே அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். அந்த அச்சம் சரியா என்பது அரசியல் விவாதம். ஆனால் நிறுவனம் எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது, திரட்டும் தகவல்களை என்ன செய்கிறது என்ற கேள்விகள் மதிப்பெண் பட்டியலுக்கு முன்பே எழ வேண்டியவை. இந்தியாவில் உருவானவற்றை விரும்புபவர்களுக்குப் புனேயின் குயிக் ஹீலும் சென்னையில் 1990களின் தொடக்கத்தில் பிறந்த கே7உம் உள்ளன. ஏற்கெனவே தொற்றிய கணினியைத் துப்புரவாக்க, இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா இலவசக் கருவிகளை வழங்கிவருகிறது.

நம்பிக்கை: ஆப்பிள் மேக் கணினிக்கு வைரஸ் வராது.

2012இல் ஃபிளாஷ்பேக் என்ற தீநிரல் சுமார் 6 லட்சம் மேக் கணினிகளைப் பற்றியது. ஆப்பிள் நிறுவனமே 2009 முதல் தன் இயங்குதளத்துக்குள் ஒரு தீநிரல் தடுப்பை வைத்திருக்கிறது.

நம்பிக்கை: ஆன்டிவைரஸ் இருந்தால் இணைய மோசடியும் அண்டாது.

கட்டண மென்பொருளின் பூட்டை உடைத்துத் தரும் ‘கிராக்’ கோப்புகளோடு வரும் குறிப்பில், நிறுவுமுன் ஆன்டிவைரஸை அணைத்துவிடுமாறு எழுதியிருப்பது வழக்கம். அதன்படி அணைப்பவர் தாமே கதவைத் திறந்து விடுகிறார், கடவுச்சொற்களைத் திருடும் தீநிரல்கள் வீடுகளுக்குள் வரும் பெருவழிகளுள் இது ஒன்று. வங்கி அதிகாரி என்று சொல்லித் தொலைபேசியில் அழைப்பவர், கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளை நிறுவச் சொல்லும்போதும் ஆன்டிவைரஸ் பெரும்பாலும் தடுக்காது. ஏனெனில் அது அலுவலகங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் முறையான மென்பொருள், தீமை அழைப்பவரிடத்தில் இருக்கிறது. அப்படிப் பணம் போய்விட்டால் இந்தியாவில் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணத்தை இடைநிறுத்தும் வாய்ப்பு குறைகிறது.

எல்லாக் காவலையும் மீறி ரான்சம்வேர் நுழைந்துவிட்டால், ஆன்டிவைரஸ் அந்த நிரலை அகற்றக்கூடும். அது ஏற்கெனவே பூட்டிவிட்ட கோப்புகளைப் பெரும்பாலும் திறந்து தராது. எனவே ஆன்டிவைரஸுக்கென்று பணம் எடுத்துவைத்திருக்கும் குடும்பங்கள், அந்தப் பணத்தில் முதலில் ஒரு வெளிப்புற வன்தட்டை வாங்கி, குழந்தைகளின் ஒளிப்படங்களையும் சான்றிதழ்களின் படிகளையும் மாதம் ஒருமுறையேனும் அதில் படியெடுத்து, எடுத்த பின் கம்பியைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். இணைத்தபடியே விடப்படும் வன்தட்டையும் ரான்சம்வேர் பூட்டிவிடும்.