ஆறாம் வகுப்பில் ‘அளவீடுகள்’: ஒரு வாரத்தை நடத்துவது எப்படி?

ஆறாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடம் ‘அளவீடுகள்’. பள்ளி திறந்த புதிதில் வரும் பாடம். வரையறை, அலகுகள், கேள்வி பதில் என்று இரண்டு பாடவேளையில் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவது நம்மில் பலருக்கும் வழக்கம். அதன் விளைவு எட்டாம் வகுப்பில் தெரியும். கணக்கை மளமளவென்று போடுகிற பையனிடம், “இந்த பெஞ்சு எவ்வளவு நீளம் இருக்கும்?” என்று கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் “பத்து மீட்டர் சார்” என்பான்.

அளவு பற்றிய உணர்வு கண்ணிலும் கையிலும் ஏற ஐந்து நாள், நாளுக்கு ஒரு பாடவேளை போதும். வாரம் முழுவதற்கும் ஒரே விதிதான்: எதை அளப்பதானாலும் முதலில் ஊகித்து எழுது, பிறகு அள. நோட்டில் நான்கு கட்டம் போடச் சொல்லுங்கள்: பொருள், ஊகம், அளவு, வித்தியாசம். ஊகத்தை அழித்துத் திருத்தக்கூடாது. தவறான ஊகத்துக்கு மதிப்பெண் குறையாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அளந்து பார்த்தபின் ஊகத்தை எழுதுவார்கள்.

முந்தைய வாரமே சேர்க்க வேண்டியவை

தையல்காரர் டேப், ஸ்கேல், நூல்கண்டு, கிராப் தாள், பக்கம் நேராக உள்ள ஒரு லிட்டர் பாட்டில்கள், ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சு. சிரிஞ்சை மருந்துக்கடையில் நீங்களே புதிதாக வாங்குங்கள். பிள்ளைகளைக் கொண்டுவரச் சொன்னால் எங்கிருந்து பொறுக்கி வருவார்களோ தெரியாது.

ஐந்து பேருக்கு ஒரு குழு. அளப்பவர், எழுதுபவர், சரிபார்ப்பவர் என்ற பொறுப்புகளைத் தினமும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் எழுதும் வேலை வாரம் முழுக்கக் கையெழுத்து அழகாக உள்ள ஒரு பெண்ணின் தலையில்தான் விழும்.

திங்கள்: சாணும் முழமும்

அன்று ஸ்கேல் வெளியே வர வேண்டாம். ஆசிரியர் மேசையின் நீளத்தை ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் சாணால் அளக்கட்டும். வருகிற எண்களை எல்லாம் கரும்பலகையில் எழுதுங்கள். எது சரி என்று சொல்லாதீர்கள். பிறகு நீங்களும் அளந்து உங்கள் எண்ணையும் எழுதுங்கள். உங்கள் எண் எல்லாவற்றையும்விடச் சின்னதாக இருப்பதைப் பார்த்ததும், “சார் கை பெரிசு” என்று யாராவது கத்துவார்கள். பொது அலகு ஏன் வேண்டும் என்ற பாடம் அங்கேயே முடிந்துவிட்டது.

பூக்காரம்மா முழம் போடுவது யார் கைக்கு என்ற பேச்சு வந்தால் தடுக்க வேண்டாம். வீட்டு வேலையாக, தாத்தா பாட்டியிடம் படி, உழக்கு, மரக்கால் பற்றிக் கேட்டு வரச் சொல்லுங்கள். இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான சட்டம் வந்தது 1956இல்; ரூபாய்க்கு நூறு பைசா என்ற கணக்கு 1957 ஏப்ரலில் தொடங்கியது. அதற்குப் பிறகும் ஊரில் படி புழங்கியதை அவர்கள் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள்.

செவ்வாய்: ஸ்கேலைப் படித்தல்

பென்சிலை ஸ்கேலின் மேல் வைத்து, இடப்பக்கம், நேர்மேல், வலப்பக்கம் என மூன்று இடத்திலிருந்து ஒரே பிள்ளை பார்த்து மூன்று எண் எழுதட்டும். இடமாறு தோற்றப் பிழை என்ற சொல்லை அதற்குப் பிறகு சொல்லுங்கள். முனை தேய்ந்த ஸ்கேல் வகுப்பில் கட்டாயம் இருக்கும், 1 செ.மீ. கோட்டில் தொடங்கி, கடைசியில் ஒன்றைக் கழிக்கக் கற்றுக்கொடுங்கள்.

வளைகோட்டுக்கு அட்லஸில் உள்ள காவிரியை எடுத்துக்கொள்ளலாம். தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை நூலை வைத்து, நூலை ஸ்கேலில் அளந்து, வரைபட அளவையால் பெருக்க வேண்டும். ஆற்றின் நீளம் ஏறத்தாழ 800 கி.மீ. பிள்ளைகளுக்கு அநேகமாகக் குறைவாகவே வரும், ஏனென்றால் சின்ன வரைபடத்தில் ஆற்றின் சிறு வளைவுகள் இருக்காது. காரணத்தை அவர்களே தேடட்டும்.

புதன்: தண்ணீர் நாள்

வாரத்தின் முக்கியமான நாள் இதுதான். முடிந்தால் இரண்டு பாடவேளை சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், மர நிழலில் நடத்துங்கள். பாட்டிலின் கழுத்தை நீங்களே வெட்டிக் கொடுத்துவிடுங்கள். பக்கவாட்டில் ஒரு தாள் துண்டை ஒட்டி, சிரிஞ்சால் 20 மில்லி ஊற்றுவதும் கோடு போடுவதுமாக 400 மில்லி வரை போகட்டும். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால் கீழேயுள்ள கோடுகளின் இடைவெளி மற்றவற்றோடு ஒத்துவராது. நீங்கள் முந்திக்கொண்டு விளக்காதீர்கள்.

பிறகு ஒரு கல்லை நூலில் கட்டி, கோடுகளில் பாதிவரை நீருள்ள பாட்டிலுக்குள் முழுதாக மூழ்கும்படி மெல்ல இறக்கச் சொல்லுங்கள். நீர் ஏறிய அளவே கல்லின் பருமன்; 1 மில்லி என்பது 1 கன செ.மீ. அதையே உருளைக்கிழங்குக்கும் செய்யலாம். மரக்கட்டையைப் போட்டால் மிதக்கும். “இதை எப்படி அளப்பது?” என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். இலையின் பரப்பைக் கிராப் தாளில் எண்ணும் வேலையை வீட்டுக்குக் கொடுத்துவிடலாம்.

வியாழன்: இப்போது புத்தகம்

படைப்பாற்றல் கல்வி முறையில் வாசிப்பு தொடக்கத்திலேயே வந்துவிடும். இந்தப் பாடத்துக்கு மட்டும் அதை நான்காம் நாளுக்குத் தள்ளுவதே நல்லது என்பேன். செய்து பார்த்தவர்கள் வாசிக்கும்போது, “நாம செஞ்சதுதானே” என்று தாமே அடிக்கோடு போடுவார்கள். மனவரைபடமும் தொகுத்தலும் குழு வழங்கலும் அன்றே முடியும்.

நேரம் மிஞ்சினால் ஒரு உண்மைக் கதை. 1983 ஜூலையில் கனடாவில் ஒரு போயிங் 767 விமானத்துக்குக் கிலோகிராமில் கணக்கிட வேண்டிய எரிபொருளைப் பவுண்டில் கணக்கிட்டுவிட்டார்கள். நடுவானில் எரிபொருள் தீர்ந்தது. விமானி விமானத்தைக் காற்றில் மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரிலிருந்த பழைய விமானத்தளத்தில் இறக்கினார். யாரும் உயிரிழக்கவில்லை. ஒரு கிலோ ஏறத்தாழ 2.2 பவுண்டு, தேவையில் எவ்வளவு பங்குதான் இருந்தது என்று கேளுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் அலகு எழுத மறப்பது அதோடு குறையும்.

வெள்ளி: மதிப்பீடு

எழுத்துத் தேர்வு வேண்டாம். நான்கு மேசையில் நான்கு வேலை: ஒரு வளைகோடு, ஒரு கல், ஒரு இலை, தேய்ந்த ஸ்கேலோடு ஒரு பென்சில். இருவர் இருவராகச் சுற்றி வரட்டும். இதில் கிடைப்பதை வளரறி மதிப்பீட்டுப் பதிவில் சேர்த்துக்கொள்ளலாம். 2 மீட்டர் 5 செ.மீ.யை 2.5 மீட்டர் என்று எழுதுகிறவர்களின் பெயரை மட்டும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தடுமாற்றம் தசமத்தில்தான் இருக்கும்; அதைக் கணக்கு ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும்.

நோட்டுகளைத் திருத்தும்போது கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். திங்களை விட வெள்ளியன்று ஊகத்துக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கியிருந்தால் பாடம் நடந்திருக்கிறது. சுருங்காத பிள்ளைகளுக்கு அடுத்த வாரம் தினமும் ஐந்து நிமிடம் ஊகப் பயிற்சி கொடுங்கள்.

கோடு போட்ட பாட்டில்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஏழாம் வகுப்பில் அடர்த்தி எடுக்கும்போது அவையே வேண்டியிருக்கும்.