புகை தெரியாவிட்டால் மாசு இல்லையா?

நம்பிக்கை: டீசல் காரில் ஈ.ஜி.ஆர். வால்வை அடைத்துவிட்டால் புகை குறையும், வண்டி சுத்தமாகும்.

உண்மை: புகை குறையும் என்பது சரி. கழிவு வாயுவில் ஒரு பங்கை மறுபடியும் எஞ்சினுக்குள் அனுப்புவதுதான் இந்த வால்வின் வேலை. "தன் புகையைத் தானே குடிக்கிற எஞ்சின் எப்படி உருப்படும்?" என்று மெக்கானிக் கேட்டால் நியாயமாகவே படும். அடைத்தபின் உள்ளே கரி படிவதும் குறைகிறது. ஆனால் அந்த வாயு உள்ளே போவது சிலிண்டரின் எரிசூட்டைத் தணிக்கத்தான். சூடு மிஞ்சினால் காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகின்றன. வால்வை அடைத்ததும் இவை பெருகிவிடும். சைலன்சர் வாயில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆஸ்துமா உள்ள குழந்தையின் நுரையீரலுக்குத் தெரியும். வெயிலில் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்குவதும் இவைதான். கரி அடைத்த வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம், முடியாவிட்டால் மாற்றலாம். தகடு வைத்து மூடுவது வைத்தியம் ஆகாது.

நம்பிக்கை: ரீமேப் (எஞ்சினை இயக்கும் சாஃப்ட்வேரை மாற்றியமைப்பது) வெறும் சாஃப்ட்வேர் வேலை. ஒரு நட்டைக்கூடக் கழற்றாதபோது மாசு எப்படிக் கூடும்?

உண்மை: 2015இல் அம்பலமான ஃபோக்ஸ்வாகன் மோசடி முழுக்க சாஃப்ட்வேரால் நடந்ததுதான். உலகெங்கும் சுமார் 1.1 கோடி டீசல் கார்களில் அந்த சாஃப்ட்வேர் இருந்தது. சோதனை நடப்பதை உணர்ந்து அப்போது மட்டும் மாசுக் கட்டுப்பாட்டை ஒழுங்காக இயக்கும்; சாலையில் சில கார்கள் அமெரிக்க வரம்பைப்போல் 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கக்கின. எல்லா ரீமேப்பும் மோசடி என்று சொல்லவில்லை. ஆனால் 'பிக்கப்' வேண்டும் என்று டீசலை மட்டும் கூட்டினால், எரியக் காற்று போதாமல் கரும்புகை வரும்.

நம்பிக்கை: கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை எடுத்தால் மைலேஜ் ஏறும்.

உண்மை: அடைப்பில்லாத கன்வர்ட்டரை எடுப்பதால் சொல்லும்படியான லாபம் கிடையாது. பெட்ரோல் காரில் கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றும் அப்படியே தெருவுக்கு வந்துவிடும்.

நம்பிக்கை: புகைச் சான்றிதழ் கிடைத்துவிட்டது, பிறகென்ன?

உண்மை: நம் ஊர்ச் சோதனையில் பெட்ரோல் வண்டிக்கு கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும், டீசலுக்குப் புகையின் அடர்த்தியும் பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. அதனால் ஈ.ஜி.ஆர். அடைத்த வண்டி இதில் சுலபமாகத் தேறிவிடும். நைட்ரஜன் ஆக்சைடையும் இந்தச் சோதனையில் சேர்த்தே ஆக வேண்டும்.