தானியங்கிப் புதுப்பிப்பும் தரவுத்தளப் பாதுகாப்பும்

2017 மே 12-ஆம் நாள் ‘வானாகிரை’ என்னும் பணயத் தீநிரல் உலகெங்கும் பரவத் தொடங்கியது. ஆந்திரப் பிரதேசத்தில் சித்தூர் உள்ளிட்ட சில மாவட்டங்களின் காவல்துறைக் கணிப்பொறிகள் அதனால் முடங்கின. அந்நாளில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருப்பதியில், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகக் கணிப்பொறிகள் சிலவும் பாதிக்கப்பட்டன. தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை, தன் ஆதரவிலிருந்த விண்டோஸ் பதிப்புகளுக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் 14-ஆம் நாளே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாத அவகாசம் இருந்தும் உலகின் பல அலுவலகங்கள் அதனை நிறுவவில்லை.

ஆகவே திருத்தம் வந்தவுடன் தானாகவே நிறுவப்படுவதே நன்று என முடிவு கட்டுவோர் உளர். 2024 ஜூலை 19-ஆம் நாள் நிகழ்ச்சி அவர்களுக்கு மறுமொழியாகும். அன்று இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்குக் கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையுள்ள கோப்பு, மைக்ரோசாப்ட் மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகளை வீழ்த்தியது. 78 நிமிடங்களில் அது திரும்பப் பெறப்பட்ட போதிலும், வீழ்ந்த பொறிகளுள் பலவற்றை ஒவ்வொன்றாக அணுகியே சீர்செய்ய வேண்டியிருந்தது. ஐதராபாத் விமான நிலையத்தில் பயணிகளுக்குப் போர்டிங் பாஸ் கையால் எழுதித் தரப்பட்டது. முந்தைய பதிப்பிலேயே நிற்குமாறு முன்னெச்சரிக்கையாக அமைத்திருந்தோரும் தப்பவில்லை. அவ்விருப்பம் மென்பொருளுக்கு மட்டுமே பொருந்திற்று, அன்றாடம் வரும் தரவுக் கோப்புகளுக்கு அன்று.

எனவே புதுப்பிப்பதா வேண்டாவா என்பதன்று வினா; அதற்கான நேரத்தைக் குறிப்பவர் யார் என்பதே. இணையவழி முன்பதிவுச் சேவை ஒன்றின் தரவுத்தளம், உபுண்டு இயக்கமைப்பில் மைஎஸ்கியூஎல் கொண்டு இயங்குவதாகக் கொள்வோம். உபுண்டுவின் ‘அன்அட்டெண்டெட் அப்கிரேட்ஸ்’ என்னும் ஏற்பாடு பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே நிறுவும். மைஎஸ்கியூஎல் தொகுப்பு புதுப்பிக்கப்படின், தரவுத்தளம் நிறுத்தப்பட்டு மீண்டும் தொடங்கப்படும். உறுதிசெய்யப்பட்ட பதிவுகள் அழியா. முடிவுறாத நடவடிக்கைகளோ கைவிடப்படும், இணைப்புகள் அறுபடும். நினைவகத்தில் திரண்டிருந்த பக்கங்களும் பெரிதும் நீங்கிவிடுவதால் சிறிது நேரம் வேகமும் குன்றும்.

இதற்கு வைக்கப்பட்டுள்ள இயல்பான நேரம் காலை 6 முதல் 7 மணிக்குள். கேட்பதற்குத் தீங்கற்றதே. ஆனால் வாடகைக்குப் பெறும் வழங்கிக் கணிப்பொறிகளின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தையே காட்டும். அந்த 6 மணி நமக்கு முற்பகல் 11.30! திருமலை தரிசன நுழைவுச்சீட்டு போன்றவற்றுக்கு முற்பகலில் இணையத்தில் குவியும் கூட்டத்தை அறிந்தோர்க்கு இதன் விளைவை விளக்க வேண்டியதில்லை.

தடுப்பு முறை எளிது. ‘ஆப்ட்-மார்க் ஹோல்டு’ என்னும் கட்டளையால் தரவுத்தளத் தொகுப்பை நிறுத்தி வைக்கலாம். அல்லது தானியங்கி ஏற்பாட்டின் விலக்குப் பட்டியலில் அதன் பெயரைச் சேர்க்கலாம். இயக்கமைப்பின் ஏனைய திருத்தங்கள் தொடர்ந்து வரட்டும். எனினும் இது மட்டும் போதாது. தரவுத்தளம் சார்ந்துள்ள பொது நூலகம் ஒன்று புதுப்பிக்கப்பட்டாலும், ‘நீட்ரீஸ்டார்ட்’ என்னும் துணைநிரல் தரவுத்தளத்தை மீளத் தொடங்கக்கூடும். உபுண்டு 24.04 பதிப்பிலிருந்து தானியங்கிப் புதுப்பிப்பின்போது இதுவே இயல்பு நிலை. ஆகவே அதன் அமைப்புக் கோப்பிலும் தரவுத்தளத்திற்கு விலக்களித்தல் வேண்டும்.

நிறுத்தி வைத்தவர் அதை விடுவிக்கும் நாளையும் அன்றே பதிவேட்டில் குறித்து, பொறுப்பலுவலரின் பெயரையும் எழுதுதல் வேண்டும். இல்லையேல் அது 2017-ஆம் ஆண்டின் நிலைக்கே இட்டுச் செல்லும். குறித்த நாளில் திருத்தத்தை முதலில் சோதனைப் பொறியில் நிறுவிப் பார்க்க வேண்டும். காப்புப் படியெடுத்து, அப்படியிலிருந்து தரவை மீட்க இயலுகிறதா என்றும் சரிபார்த்த பின்னர், இணைப்பிரதி வழங்கியில் நிறுவ வேண்டும். அது ஒரு நாள் இடரின்றி இயங்கினால், மறுநாள் பின்னிரவில் பணிச்சுமையை அதற்கு மாற்றிவிட்டு முதன்மை வழங்கியைப் புதுப்பிக்கலாம். இந்திய நேரம் 2.30 மணிக்கு இப்பணி நிகழ வேண்டுமாயின், உலகப் பொது நேரக் கடிகாரத்தில் முந்தைய நாள் 21.00 மணி எனக் குறிக்க வேண்டும்.