கம்பி மண்ணில் கிடக்கலாமா?

கேள்வி: வீடு கட்டக் கம்பி இறக்கிவிட்டோம். கான்கிரீட் போட ஒரு மாதமாகும். எப்படிப் பாதுகாப்பது?
- ஒரு வாசகி, கடலூர்

பதில்: முதலில் மண்ணிலிருந்து தூக்குங்கள். மரக்கட்டைகள் போட்டு, தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்திலாவது அளவுவாரியாக அடுக்குங்கள். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்குச் சிமென்ட் பால் பூசி, தார்ப்பாயால் மூடுங்கள். லேசான செந்துருவுக்குப் பயம் வேண்டாம். செதிலாக உதிர்ந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்த பிறகே கட்டவேண்டும். எண்ணெய் பூசாதீர்கள், கான்கிரீட் பிடிக்காது.

12 மி.மீ. கம்பி, 12 மீட்டர் நீளம் என்றால் பத்தரைக் கிலோவுக்கு மேல். தூக்கினால் வளைந்து துள்ளும். இருவராக, கையுறையோடு தூக்கட்டும். மேலே மின்கம்பி போகிறதா என்று பார்த்துவிட்டுத் தூக்கட்டும். தூணுக்காக நீட்டி நிற்கும் முனைகளுக்கு மூடி போடுங்கள். தடுக்கி விழுபவரின் உயிரைக் காப்பது அதுதான்.