சரக்கு அனுப்புவதில் உள்ள ஆபத்தை அளந்து பார்ப்பது எப்படி?



சரக்கு அனுப்பும்போது சில ஆபத்துகளை நாம் எப்போதும் கணக்கில் வைக்கிறோம். மழையில் நனைவது, வழியில் திருட்டுப் போவது, லாரி கவிழ்வது, இவற்றுக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் எடுக்கிறோம். நமது சரக்கோடு வெடிபொருளும் சேர்ந்து பயணம் செய்யக்கூடும் என்ற ஆபத்தை மட்டும், 'அது போலீசார் பாடு, கஸ்டம்ஸ் பாடு' என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் அதை முதலில் கண்டுகொள்ளக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் நாம்தான்.

பிரிண்டர் பெட்டி தந்த பாடம்

2010 அக்டோபர் கடைசியில், ஏமன் நாட்டுத் தலைநகர் சனாவிலிருந்து இரண்டு பார்சல்கள் விமானத்தில் புறப்பட்டன. இரண்டிலும் கம்ப்யூட்டர் பிரிண்டர். போய்ச் சேரவேண்டிய இடம் அமெரிக்காவின் சிகாகோ. மைத்தூள் இருக்கவேண்டிய கேட்ரிட்ஜில் வெடிமருந்தை நிரப்பியிருந்தார்கள். ஒன்று துபாயிலும், மற்றொன்று இங்கிலாந்தின் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்திலும் பிடிபட்டன. பிடித்துக் கொடுத்தது இயந்திரம் அல்ல. சவூதி உளவுத்துறை தந்த தகவல். இங்கிலாந்தில் முதல் சோதனையில் ஒன்றும் தென்படவில்லை. துபாயில் கண்டதைக் கேட்டறிந்து, மறுபடி தேடியபோதுதான் வெளிப்பட்டது.

இதை வியாபாரியின் கண்ணால் பாருங்கள். பிரிண்டர் சிகாகோவில் கிடைக்காத பொருளா? விமானக் கூலி கொடுத்து ஏமனிலிருந்து அங்கே அனுப்புவானேன்? கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை அல்லவா இது! சரக்கின் விலை, வாடகை, போகும் ஊர் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது நமக்குக் கைவந்த கலை. எக்ஸ்ரே கருவிக்கு அது தெரியாது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அனுப்பியவர் என்று எண்ணி ஒரு மாணவியைப் பிடித்தார்கள். அவர் பெயரை வேறொருவர் பயன்படுத்தியிருந்தார் என்று தெரிந்து பிறகு விடுவித்தார்கள். தவறு செய்யாதவர் வீட்டுக்குப் போலீஸ் வர, தாளில் எழுதிய பெயர் ஒன்றே போதுமாக இருந்தது. எல்.ஆரிலும் பில்லிலும் உள்ள நமது பெயரும் அப்படிப்பட்டதுதான்.

மூன்று கேள்விகள்

பாதுகாப்பு நிபுணர்கள் ஆபத்தை மூன்று கேள்விகளால் அளக்கிறார்கள்.

ஒன்று: கெடுதல் செய்ய நினைப்பவனுக்கு இந்தச் சரக்கோ வண்டியோ பயன்படுமா? 1995 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் 168 பேரைப் பலி கொண்ட குண்டுக்கு முக்கியப் பொருள் அமோனியம் நைட்ரேட் உரம். வண்டியோ பொய்ப் பெயரில் வாடகைக்கு எடுத்தது. இரண்டும் சாதாரண வியாபாரத்தின் வழியே கிடைத்தவை. நம் நாட்டிலும் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி அமோனியம் நைட்ரேட்டை லைசென்ஸ் இல்லாமல் விற்கவோ, இருப்பு வைக்கவோ கூடாது.

இரண்டு: அவன் நுழைய நம்மிடம் வழி இருக்கிறதா?

மூன்று: நடந்துவிட்டால் நஷ்டம் எவ்வளவு? ஊருக்கு வெளியே உள்ள குடோனும் ஜனநெரிசல் மிகுந்த கடைவீதியும் ஒன்றல்ல.

இம்மூன்றையும் பெருக்கிப் பார்ப்பதே ஆபத்தின் அளவு. முதல் கேள்வி பெரும்பாலும் நம் கையில் இல்லை. மூன்றாவது பாதிதான் நம் கையில். இரண்டாவதோ முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது. அந்த வழியை அடைத்தால் பெருக்கி வரும் தொகையும் தானாகக் குறையும்.

வழி எங்கே திறந்திருக்கிறது?

ஓடுகிற லாரியில் எதையும் நுழைப்பது கடினம். நிற்கிற லாரியில் எளிது. ஆகவே சரக்கு நிற்கும் இடங்களையும் கைமாறும் இடங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள்: கடை வாசல், புக்கிங் ஆபீஸ், மாற்றி ஏற்றும் குடோன், இரவில் வண்டி நிறுத்தும் இடம். ஒவ்வொன்றிலும் 'இந்த நேரத்தில் பொறுப்பு யாருடையது?' என்று கேளுங்கள். பதில் இல்லாத இடமே பலவீனமான இடம்.

செய்யவேண்டியவை

1. தெரிந்தவரே ஆனாலும், 'உங்கள் பண்டலோடு இதையும் போட்டுவிடுங்கள்' என்றால் நமது பில்லில் ஏற்றவேண்டாம். அவர் பெயரிலேயே புக் செய்யச் சொல்லுங்கள். மனவருத்தம் நாலு நாளில் தீரும், வழக்கு தீராது.

2. புதிய ஆள் கொண்டுவரும் பார்சலுக்கு அடையாள அட்டை நகலும், போன் நம்பரும் வாங்குங்கள். அந்த எண்ணுக்கு அங்கேயே ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.

3. வாடகையைப் பற்றிப் பேரம் பேசாமல், ரொக்கமாகக் கட்டிவிட்டுப் போக அவசரப்படுகிறவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்.

4. பெட்டிகளின் எண்ணிக்கையையும், எடையையும் ஏற்றும்போதும் இறக்கும்போதும் எழுதுங்கள். குறைந்தால் தேடுகிறோம், ஒன்று கூடினாலும் அதே அக்கறையோடு தேடவேண்டும்.

5. கண்டெய்னருக்கு சீல் வைத்ததும் அதன் எண்ணைக் குறித்து, சரக்கு பெறுபவருக்குத் தனியே தெரிவியுங்கள்.

6. நமது கடைப் பெயர் அச்சிட்ட காலிப் பெட்டிகளை லேபிளோடு தெருவில் போடாதீர்கள். பிறர் கையில் அது நமது கையெழுத்துக்குச் சமம்.

7. சந்தேகப்படும்படியான பெட்டியைத் திறக்கவோ, நகர்த்தவோ வேண்டாம். ஆட்களை அப்புறப்படுத்தி, 112க்குத் தகவல் சொல்லுங்கள்.

எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது?

ஒரு எச்சரிக்கை அவசியம். ஆளின் உடை, மதம், பேச்சு, ஊர் இவற்றை வைத்து யாரையும் சந்தேகிப்பது பாவம் மட்டுமல்ல, பயனற்றதும்கூட. கெடுதல் செய்ய வருகிறவன் நாம் நம்பும் தோற்றத்தில்தான் வருவான். பார்க்கவேண்டியது பில், எடை, விலாசம், சரக்கு. இவை நான்கும் ஒன்றோடொன்று பொருந்தினால் எவர் சரக்கையும் ஏற்கலாம். பொருந்தாவிட்டால் சொந்த மைத்துனர் கொண்டுவந்தாலும் கேட்டே ஆகவேண்டும். எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால் யாருக்கும் அவமானமில்லை.

இவற்றில் எதற்கும் பெரும் முதல் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், ஒரு பார்சலுக்கு ஐந்து நிமிடமும் போதும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். லாரியில் போடுவதையும் அப்படியே போடுவோம். நமது லோடுமேன்களும், டிரைவர்களும், வழியில் உள்ள ஊர்களும் பத்திரமாக இருப்பது அந்த அளவையில் அடங்கியிருக்கிறது.